மொட்டை மாடித் தளத்துக்குள்ள தண்ணி பைப் ஓட்டி ரூமை குளிர வெச்சது: அளவு, செலவு, அடுத்த தடவை மாத்த வேண்டியது

இந்த ஏப்ரல்ல எங்க மாடி ரூம் சீலிங் சாயங்காலம் 7 மணிக்கு 30.5 டிகிரி காட்டுது. போன வருஷ ஏப்ரல்ல இதே நேரம் இதே இடத்துல 41. ஏசி போடல, தளத்துக்கு மேல வெயில் சூட்டைத் தடுக்கற இன்சுலேஷன் ஷீட் போட்டு அதுக்கு அடியில பைப் பதிச்சு ராத்திரில குளிர்ந்த தண்ணி ஓட்டறோம், அவ்வளவுதான். ஒரு முழு வெயில் சீசன் ஓடினதுக்கு அப்புறம்தான் எழுதணும்னு வெச்சிருந்தேன், இப்ப நம்பர் எல்லாம் கையில இருக்கறதால எழுதறேன்.

வீடு கோயமுத்தூர் வடவள்ளி பக்கம். ரூம் 12க்கு 14 அடி, மேற்க பாத்த சுவர், மேல 5 இன்ச் கான்கிரீட் தளம், அதுக்கு மேல அந்தக் காலத்துல போட்ட செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவையும் தட்டோடும் (மேல பதிக்கற தட்டையான ஓடு). தட்டோடு மூட்டெல்லாம் விட்டுப்போயி மழைக்கு ஒழுக ஆரம்பிச்சிருச்சு, எப்படியும் கொத்தி எடுத்துட்டு புதுசா போட்டே ஆகணும்ங்கிற நிலைமை. இது முக்கியம், ஏன்னா தளம் நல்லா இருக்கறப்ப இதுக்காகவே கொத்தறது கட்டுப்படி ஆகாது.

கொத்தறதுக்கு முன்னாடியே ஐஆர் தெர்மாமீட்டர் (தொடாம தூரத்துல இருந்தே சூட்டை அளக்கறது) ஒண்ணு 1,100 ரூபாய்க்கு வாங்கி சீலிங்ல பென்சில்ல அஞ்சு இடம் குறிச்சு வெச்சுட்டேன். பெயிண்ட் அடிச்ச சுவர், சீலிங்குக்கு அது சரியா காட்டும், பளபளன்னு இருக்கற ஸ்டீல் மேல பிடிச்சா தப்பா காட்டும், அதனால ஃபேன் கப் பக்கத்துல குறிக்க வேண்டாம். தளத்து மேல்பக்கம் மதியம் உச்சி சூடு வந்தா அடிப்பக்கம் அந்த சூடு வந்து சேர சாயங்காலம் ஆயிரும், அதனாலதான் ஆபீஸ் விட்டு வந்து படுக்கற நேரத்துக்கு சரியா ரூம் கொதிக்குது. ராத்திரி 12 மணிக்கும் சீலிங் 36 இருந்துச்சு. ஃபேன் போட்டா அந்த சூட்டைத்தான் கீழ தள்ளும்.

முதல்ல மேல சுண்ணாம்பு அடிச்சுப் பாத்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பும் ஃபெவிகாலும் கலந்து ரெண்டு கோட்டு, செலவு ஆயிரத்துக்குள்ள. 41 இருந்தது 37க்கு வந்துச்சு, இவ்வளவு கம்மி செலவுல இத்தனை டிகிரி வேற எதுலயும் குறையாது, இதைப் படிக்கறவங்க வேற எதுவும் செய்யலைன்னாலும் இதையாவது மார்ச் மாசம் செஞ்சிருங்க. ஆனா தூசி படிஞ்சு, நடந்து, மழை பேஞ்சு, அடுத்த வருஷம் திரும்ப அடிக்கணும். ஒழுகற தளத்துக்கு அது தீர்வும் இல்ல.

அப்புறம் தளம் வேலை. பழசைக் கொத்தி எடுத்ததும் எஞ்சினியர் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன், தளம் எவ்வளவு வெயிட் தாங்கும்னு தெரியாம மேல எதையும் ஏத்தக் கூடாது. அவர் போட்ட கணக்குல பழைய ஜல்லிக் கலவை, தட்டோடு எல்லாம் சேத்து சதுர மீட்டருக்கு 240 கிலோ பக்கம் இருந்திருக்கு, நாங்க போடப் போறது (பைப் மூடற கலவை 40 மிமீ, இன்சுலேஷன் 50 மிமீ, மேல தண்ணி வடியறதுக்கு சரிவா போடற வாட்டக் கலவை, டைல்) 210 பக்கம்தான் வருது. சரின்னு சொன்னார்.

தளத்துல இருந்த விரிசலை எல்லாம் வி மாதிரி வெட்டி அடைச்சு, வாட்டர் ப்ரூஃபிங் ரெண்டு கோட்டு குறுக்கும் நெடுக்குமா அடிச்சு, காஞ்சதும் சுத்தி வரம்பு கட்டி தண்ணி நிறுத்தி வெச்சோம். கீழ சீலிங்ல ஈரம் எதுவும் வரலைன்னு பாத்துட்டுதான் அடுத்த வேலை. பைப் பதிச்சதுக்கு அப்புறம் ஒழுகினா அது மழைத் தண்ணியா பைப் தண்ணியான்னு கண்டுபிடிக்கவே முடியாது, அதனால இந்த டெஸ்ட்டை மட்டும் யாரும் விட்டுறாதீங்க.

பைப்புக்கு 16 மிமீ பெக்ஸ் (வளையற பிளாஸ்டிக் பைப்) எடுத்தேன், 100 மீட்டர் சுருள். இரும்பு, சிபிவிசி ரெண்டும் யோசிச்சேன், ஆனா கலவைக்குள்ள மூட்டே இருக்கக் கூடாதுங்கறதுதான் முதல் விதி, பெக்ஸ்னா ஒரே துண்டா போட்டு ரெண்டு முனையையும் வெளிய எடுத்துக்கலாம். பைப்புக்கு பைப் 20 செமீ இடைவெளி, ரெண்டு லூப், ஒவ்வொண்ணும் 42 மீட்டர். பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சு போட்டா ஒரு ஓரம் குளிர்ச்சியாவும் இன்னொரு ஓரம் சூடாவும் வரும், அதனால நத்தை ஓடு மாதிரி உள்ள போற லைனும் திரும்பி வர்ற லைனும் பக்கத்துல பக்கத்துல வர்ற மாதிரி சுத்தினோம். வளைவு 8 செமீ ரேடியஸுக்கு குறையக் கூடாது, குறைஞ்சா மடிஞ்சிரும்.

வாட்டர் ப்ரூஃபிங் மேல ஆணி அடிக்கக் கூடாதுங்கறதால முதல்ல அரை இன்ச் கலவைப் பூச்சு, அதுக்கு மேல வெல்ட் மெஷ் (கம்பி வலை) விரிச்சு, மெஷ்ல கேபிள் டை போட்டு பைப்பைக் கட்டினோம். முக்கால் அடிக்கு ஒரு டை. வெயில்ல பைப் இளகி இருக்கறப்ப வளைக்க சுலபமா இருந்துச்சு, காலைல குளிர்ல போட்டது திமிறிக்கிட்டு நின்னுச்சு.

கலவை போடறதுக்கு முன்னாடி கை பம்ப் ஒண்ணு வாடகைக்கு எடுத்து ரெண்டு லூப்லயும் தண்ணி ஏத்தி 6 பார் பிரஷர் வெச்சோம். இந்த பிரஷரோடதான் கலவை போடணும், காலி பைப் மேல கலவை போட்டா எங்க அடி பட்டாலும் தெரியாது. ராத்திரி கேஜ் 5.2க்கு இறங்கி இருந்துச்சு, ஒழுகுதோன்னு டார்ச் அடிச்சு பைப் பூரா தடவிப் பாத்தேன், ஒரு சொட்டு இல்ல. பிளாஸ்டிக் பைப் பிரஷருக்கு கொஞ்சம் விரியும், தண்ணியும் ராத்திரி குளிருக்கு சுருங்கும், அதான். திரும்ப 6க்கு ஏத்தினதும் அப்புறம் நின்னுச்சு.

கலவை போட்ட அன்னைக்கு மதியம் நான் கேஜ் பக்கத்துல உக்காந்திருந்தேன். கொத்தனார் ஒருத்தர் மெஷ்ஷோட ஒரு கம்பி தூக்கிட்டு நிக்குதுன்னு கரணை முனையால தட்டி விட்டார், கேஜ் முள்ளு 6ல இருந்து அப்படியே படுத்துருச்சு. பூசின கலவை மேல ஒரு ரூபாய் அளவு ஈரம் வந்து, பாத்துட்டு இருக்கும்போதே கை அகலம் ஆச்சு. மேஸ்திரி வந்து பாத்துட்டு, "தம்பி, இந்த முள்ளு மட்டும் இல்லைன்னா டைல் ஒட்டி முடிச்சு பால் காச்சுன பொறகுதான் தெரிஞ்சிருக்கும்"ன்னார். ஈரம் வந்த இடத்துல கலவையை வழிச்சு எடுத்துட்டு, அந்த லூப்பை மட்டும் முழுசா பிரிச்சு புதுசா போடலாமா இல்ல கப்ளிங் (பைப்பை இணைக்கற மூட்டு) போடலாமான்னு யோசிச்சு, பாதிக்கு மேல கலவை விழுந்துட்டதால பித்தளை கப்ளிங் ஒண்ணு போட்டு, அந்த இடத்தை மேல இருந்து தெரியற மாதிரி போட்டோவும் கைப்பிடிச் சுவர்ல இருந்து ரெண்டு பக்க அளவும் எடுத்து வெச்சோம். இதுவரைக்கும் அதுல ஒண்ணும் வரல. வெறும் தண்ணி, சூடு அதிகமில்ல, பிரஷர் கம்மிங்கறதால தாங்குதுன்னு நினைக்கறேன்.

ஒரு வாரம் தண்ணி ஊத்திட்டு, அதுக்கு மேல 50 மிமீ எக்ஸ்பிஎஸ் (கெட்டியான ஃபோம்) ஷீட். தெர்மாகோல் மாதிரி நொறுங்காது, ஆள் நடந்தாலும் அமுங்காது, தண்ணி குடிக்காது. ஷீட் மூட்டுல டேப் ஒட்டி, மேல கோழி வலை விரிச்சு வாட்டக் கலவை, அதுக்கு மேல வெள்ளை கூல் டைல். இந்த 50 மிமீ ஷீட்தான் மொத்த வேலையிலயும் பெரிய வேலைக்காரன். மத்திய அரசோட எகோ நிவாஸ் சம்ஹிதா 2018ல (வீடுகளுக்கான எரிசக்தி சேமிப்பு விதி) வீட்டுக் கூரை யு-வேல்யூ (சூடு எவ்வளவு சுலபமா கடக்கும்ங்கற அளவு, கம்மியா இருந்தா நல்லது) 1.2க்கு மேல போகக் கூடாதுன்னு வெச்சாங்க, வெறும் கான்கிரீட் தளம் 3க்கு மேல இருக்கும், இந்த ஷீட் போட்டா 0.5 பக்கம் வந்துரும்.

பைப் முனைகள் வெளிய வர்ற இடத்துல வெயில் படாம பாத்துக்கணும், பெக்ஸ் வெயில்ல கிடந்தா நாளாக நாளாக மொறுமொறுன்னு ஆயிரும். பிவிசி பைப் ஒண்ணை ஸ்லீவ் மாதிரி மாட்டி, ரெண்டு லூப்புக்கும் தண்ணியைப் பிரிச்சு விடற மேனிஃபோல்டை ஒரு பெட்டிக்குள்ள வெச்சு மூடிட்டேன்.

இனி தண்ணியைக் குளிர வைக்கறது. சில்லர் (ஏசி மாதிரி தண்ணியைக் குளிர வைக்கற மெஷின்) வாங்கற ஐடியாவே இல்ல. பழைய டெசர்ட் கூலர் ஒண்ணை 3,000க்கு பிடிச்சு, தேன்கூடு பேட் புதுசா மாத்தி, அதை மாடியில வெளியவே வெச்சு கூலிங் டவரா ஆக்கிட்டோம். தளத்துல சூடு வாங்கிட்டு வர்ற தண்ணி பேட் மேல விழுந்து, ஃபேன் காத்துல குளிர்ந்து தொட்டியில சேரும், அங்க இருந்து பம்ப் திரும்ப தளத்துக்கு அனுப்பும். இதுல தண்ணி எவ்வளவு குளிரும்ங்கறதுக்கு ஒரு எல்லை இருக்கு, தெர்மாமீட்டர் நுனியில ஈரத்துணி சுத்தி ஃபேன் முன்னாடி பிடிச்சா வர்ற அளவுக்கு கீழ போகாது. எங்க மாடில ஏப்ரல் ராத்திரி 10 மணிக்கு காத்து 29, ஈரத்துணி 23.5, விடியக்காலைல ஈரத்துணி 22.5. எங்க கூலர் அதுக்கு 2, 3 டிகிரி மேலதான் கொடுக்கும்.

இதுல ஒரு பெரிய நிம்மதி, சீலிங் வேர்க்கவே வேர்க்காது. பனி படியற டிகிரி எப்பவும் ஈரத்துணி டிகிரிக்கு கீழதான் இருக்கும், தண்ணி அதுக்கு மேலயே நிக்கறதால சீலிங்ல சொட்டு கட்ட வழியில்ல. சில்லர் வெச்சு 15 டிகிரி தண்ணி விட்டிருந்தா பெயிண்ட் எல்லாம் உரிஞ்சிருக்கும்.

முதல்ல கூலர்ல இருந்த பம்பையே மாட்டி ஓட்டினோம், 18 வாட். தண்ணி வந்துச்சு, ஆனா நூல் மாதிரி. ரெண்டு லூப்பும் சேந்து நிமிஷத்துக்கு 4 லிட்டர்கூட வரல, அந்த பம்ப் தண்ணியைத் தூக்கற உயரமே (ஹெட்) 6 அடிதான், 12 மிமீ உள்விட்டத்துல 42 மீட்டர் தள்ளறதுக்கு அது பத்தாது. தண்ணி உள்ள போயிட்டு பாதி வழியிலயே சூடாயிருது, மிச்ச பாதி பைப் சும்மா கிடக்குது. அப்புறம் 6 மீட்டர் ஹெட் சர்க்குலேட்டர் பம்ப் வாங்கினேன், கடைல கையில கொடுத்தது வார்ப்பிரும்பு பாடி, 4,200 ரூபாய். ஓட்டின கொஞ்ச நாள்லயே தொட்டித் தண்ணி டீ கலர்ல வந்துச்சு. மூடின சிஸ்டத்துக்குத்தான் அந்த பம்ப், நம்மது பேட்ல விழுந்து காத்தோட கலந்து வர்ற தண்ணி, இரும்பு துருப் பிடிக்காம என்ன செய்யும். ஸ்டெயின்லெஸ் பாடி பம்ப் 6,800 கொடுத்து மாத்தினேன். இந்த மாதிரி பம்ப் தானா தண்ணியை உறிஞ்சி எடுக்காது, தொட்டித் தண்ணி மட்டத்துக்கு கீழ இருக்கணும், அதனால கூலரை ஹாலோ பிளாக் ரெண்டு வரிசை அடுக்கி அதுக்கு மேல ஏத்தி வெச்சோம்.

ஏர் லாக் பத்தி ஒரு வார்த்தை. ரெண்டு லூப்பையும் ஒண்ணா திறந்து விட்டா தண்ணி சுலபமான பக்கம் மட்டும் ஓடிட்டு இன்னொண்ணுல காத்து அப்படியே நிக்கும். ஒரு வால்வை மூடிட்டு ஒரு லூப்பை மட்டும் குமிழி நிக்கற வரைக்கும் ஓட்டணும், அப்புறம் அடுத்தது. கையை வெச்சுப் பாத்தாலே ரெண்டு திரும்பற பைப்பும் ஒரே குளிர்ச்சியா இருக்கான்னு தெரிஞ்சிரும்.

இப்ப ஓடற கணக்கு. 10 லிட்டர் பக்கெட் நிறைய 62 செகண்ட், அதாவது நிமிஷத்துக்கு 9.7 லிட்டர். ராத்திரி 10 மணிக்கு உள்ள போற தண்ணி 26.3, திரும்பி வர்றது 28.9. ரெண்டு மணிக்கு 25.2, 27.0. விடியக்காலை அஞ்சுக்கு 24.8, 25.9. இதைக் கூட்டிப் பெருக்கினா கரண்ட் யூனிட் கணக்குல ஒரு ராத்திரிக்கு 10 யூனிட் அளவு சூட்டை ரூம்ல இருந்து வெளிய எடுக்குது. ஃபேன் 140 வாட், பம்ப் 70 வாட், டைமர் வெச்சு 10லேர்ந்து 6 வரைக்கும் ஓடினா கரண்ட் 1.7 யூனிட். தண்ணி ஒரு ராத்திரிக்கு 35லேர்ந்து 40 லிட்டர் குறையுது.

பகல்ல பம்ப் ஓடாது. ராத்திரி குளிர்ந்த தளமும் பைப் மூடின கலவையும் சேர்ந்து கிட்டத்தட்ட ஆறு டன் வெயிட், அது ஒரு டிகிரி ஏறணும்னாலே ஒண்ணரை யூனிட் சூடு உள்ள போகணும், அதுக்குள்ள சாயங்காலம் ஆயிருது. காலைல 6 மணிக்கு சீலிங் 27, மதியம் ஜன்னலை எல்லாம் மூடி வெச்சா சாயங்காலம் 7 மணிக்கு 30.5. ரூம் காத்து 31, முன்னாடி 36.5 இருந்துச்சு. உடம்புக்குத் தெரியற வித்தியாசம் இந்த அஞ்சரை டிகிரிய விட அதிகம், தலைக்கு மேல இருந்து அடிக்கற அனல் இல்லாம போனதுதான் காரணம். அம்மா இத்தனை வருஷமா வெயில் காலத்துல கீழ ஹால்ல பாய் போட்டு படுப்பாங்க, இந்த வருஷம் மாடியிலயேதான் தூங்கறாங்க.

இதுல பைப்புக்கு எவ்வளவு பங்கு, ஷீட்டுக்கு எவ்வளவு பங்குன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும்னு ஒரு வாரம் பம்பை நிறுத்தி வெச்சேன். சாயங்காலம் சீலிங் 34ல வந்து நின்னுச்சு. அதாவது 41லேர்ந்து 34 வரைக்கும் ஷீட்டும் வெள்ளை டைலும் செஞ்சது, 34லேர்ந்து 30.5 தண்ணி செஞ்சது. ஆனா அந்த வாரம் காலைல 6 மணிக்கும் சீலிங் 32 இருந்துச்சு, அது இன்னும் முக்கியமான விஷயம். மேல மூடிட்டா ஆகாசத்துக்கு சூடு போற வழியும் மூடிருது, மேற்குச் சுவர் வழியா பகல்ல வந்த சூடு வெளிய போக இடமில்லாம உள்ளயே சுத்துது. வெளிய இருந்து வர்றதை ஷீட் தடுக்கும், உள்ள சேர்ந்ததை தண்ணி எடுத்துட்டுப் போகும். ஷீட் இல்லாம பைப் மட்டும் போட்டா நாள் முழுக்க சூரியனோட மல்லுக்கட்டத்தான் சரியா இருக்கும், யாராவது அப்படி போட்டுத் தர்றேன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிருங்க.

இந்த முறை பெரிய கட்டடத்துல நம்ம நாட்டுலயே நடந்திருக்கு. ஹைதராபாத் போச்சாரம் இன்ஃபோசிஸ் வளாகத்துல 2011ல திறந்த ஒரு கட்டடத்தை ரெண்டு பாதியா பிரிச்சு ஒரு பக்கம் வழக்கமான ஏசி, இன்னொரு பக்கம் தளத்துக்குள்ள பைப்னு போட்டு அளந்தாங்க, பைப் பக்கம் கூலிங் கரண்ட் மூணுல ஒரு பங்கு கிட்ட கம்மியா வந்துச்சு. அங்க சில்லர் இருக்கு, நம்மகிட்ட கூலர்.

செலவு. தளம் கொத்தி ரப்பிஷ் அள்ளினது 6,500, வாட்டர் ப்ரூஃபிங் 7,000, சிமெண்ட் எம் சாண்ட் 7,500, டைல் 10,000, கூலி 14,000. இந்த 45,000 ஒழுகற தளத்துக்கு எப்படியும் ஆகியிருக்கும். ஷீட் 12,600. பைப் 6,500, மெஷ் 2,800, மேனிஃபோல்டும் ஃபிட்டிங்கும் 5,200, கூலர் 3,000, பேட் 1,400, பம்ப் 6,800, ஆக பைப் சிஸ்டம் மட்டும் 25,700. மொத்தம் 83,300. துருப் பிடிச்ச பம்போட 4,200 இதுல சேர்க்கல.

பராமரிப்பு இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். முதல்ல போர் தண்ணி ஊத்தினோம், உப்புத் தண்ணி, ரெண்டு மாசத்துல பேட் வெள்ளையா கட்டி தட்டினா சத்தம் வர்ற அளவுக்கு ஆயிருச்சு. இப்ப சிறுவாணித் தண்ணிதான், அதுலயும் வாரம் ஒரு தடவை தொட்டியை மொத்தமா திறந்து விட்டு கழுவணும், இல்லைன்னா ஆவியாகி ஆவியாகி மிச்சத் தண்ணி கெட்டியாயிரும். வெளிய போற தண்ணி கொய்யா மரத்துக்குப் போகுது. பம்ப்புக்கு முன்னாடி ஒய் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) கட்டாயம், இலை, பூச்சி, பேட் தூள் எல்லாம் வருது. தொட்டியைச் சுத்தி கொசுவலை கட்டியிருக்கேன், நல்ல தண்ணியில வளர்ற டெங்கு கொசுவுக்கு இதை விட நல்ல இடம் கிடைக்காது. ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் தண்ணியை வடிச்சு காய வெச்சு மூடிருவோம்.

சென்னை, கடலூர், தூத்துக்குடி பக்கம் இருக்கறவங்களுக்கு கூலர் வெச்சு இதைச் செய்யுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கடற்கரையில மே மாச ராத்திரி ஈரத்துணி தெர்மாமீட்டரே 27 பக்கம் நிக்கும், தண்ணி 29, 30லதான் வரும், அதை ஓட்டி பிரயோஜனம் இல்ல. அங்க ஷீட்டும் வெள்ளை டைலும் போட்டுட்டு நிறுத்திக்கலாம், மிச்சத்துக்கு சின்ன ஏசி போதும். மதுரை, திருச்சி, சேலம் எல்லாம் செலவு பண்றதுக்கு முன்னாடி ஏப்ரல் மே ராத்திரில நாலஞ்சு நாள் ஈரத்துணி வெச்சு அளந்துட்டு முடிவெடுங்க, 80 ரூபாய் தெர்மாமீட்டர் போதும்.

அடுத்த தடவை மாத்தறது. பைப் இடைவெளி 15 செமீ, அதே குளிர்ச்சி இன்னும் சீக்கிரம் தளத்துக்குள்ள இறங்கும். கலவைக்குள்ள அரை இன்ச் கண்டியூட் (காலி குழாய்) ஒண்ணு பதிச்சு விட்டுட்டா சென்சாரை எப்ப வேணா விட்டு எடுக்கலாம், இப்ப நான் ஸ்டூல் போட்டு ஐஆர் பிடிச்சுட்டு நிக்கறேன். கூலர் மேற்குப் பக்கம் இருக்கு, சாயங்கால வெயில்ல தொட்டித் தண்ணி சூடாயிருது, வடகிழக்கு மூலைல தண்ணி டேங்க் நிழல்ல வெச்சிருக்கணும். பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (ரெண்டு தண்ணியும் கலக்காம சூட்டை மட்டும் கடத்தறது) போட்டு கூலர் தண்ணியையும் பைப் தண்ணியையும் பிரிச்சா அழுக்கு பிரச்சனை போயிரும், ஆனா 2 டிகிரி அதுலயே போயிரும், எங்களுக்கு இருக்கறதே கொஞ்சம்ங்கறதால அதை இன்னும் யோசிச்சிட்டு இருக்கேன். மேற்குச் சுவருக்கு வெளிப்பக்கம் மூங்கில் தட்டி கட்டணும், தட்டி வந்ததும் திரும்ப அதே அஞ்சு இடத்துல அளந்து பாக்கணும்.

பக்கத்து ரூம் தளமும் இதே மாதிரி விட்டுப்போச்சு, தை மாசம் அதைக் கொத்தறோம். அங்க ஷீட், டைல் போட்டு பைப்பையும் பதிச்சு முனையை மூடி வெச்சுருவேன், கூலர் கனெக்‌ஷன் கொடுக்க மாட்டேன். அது வடக்கு பாத்த ரூம், மேற்குச் சுவர் சூடு இல்ல, தண்ணி இல்லாமலே தாங்கிருமான்னு ஒரு வெயில் காலம் பாத்துட்டுதான் மேற்கொண்டு செலவு.